பொய்ப் பந்தி உள்ளே போகும்

இராசதுரையின் கல்வெட்டு கைக்கு வந்த அன்றே தில்லையம்பலம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டோடு செத்தவீட்டார் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில், ஆயுள் முழுக்க வாய் ஓயாத இராசதுரையை ‘அமைதியே உருவானவர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். தன் கதையை ஊரார் கையில் விட முடியாது. வீட்டார் கையில் விடவே முடியாது. மனைவி புனிதவதி எழுதினால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவாள்.

ஆகவே, உயிரோடிருக்கும்போதே தன் கல்வெட்டைத் தானே எழுத, கனடாவில் மல்வேர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய லப்டொப்பைத் திறந்தார்.

பிறப்பைச் சொன்ன முதல் பந்தி, நாலே வரி, இடது கரையோடு ஒழுங்காகத்தான் நின்றது. இரண்டாம் பந்தியிலிருந்துதான் வினை. ஒரு பந்தி முடிந்து அடுத்தது தொடங்கும்போது டாப் விசையை மரியாதைக்காக இரண்டு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். அதில் அவர் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் யானையை விரட்டிய பந்தி நடுப் பக்கத்துக்குப் போய்விட்டது. கனடா வந்த பந்தி அதற்கும் அப்பால். கலியாணம் வலது கரையில், வரிக்கு ஒரு சொல்லாக, லிப்டுக்குள் நெருக்கிய சனம் மாதிரி நின்றது. அழித்துப் பார்த்தார். லப்டொப்பை இடப்பக்கம் சரித்துக்கூடப் பார்த்தார். ஏன் இப்படி? அவருக்கு ஆத்திரத்தைவிட விடுப்பு அறிகிற ஆசைதான் கூட.

புனிதவதி முதியோர் சங்கத்துக்குக் கொம்பியூட்டரில் அறிவித்தல் அடிக்கிறவள். வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டார். அவள் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“பிழை மெசினிலை இல்லையப்பா. உது புது மாதிரி. பொய்யான பந்தியை உள்ளுக்குத் தள்ளும்.”

“உமக்கு விசரே?”

“அப்ப பிறப்பு மட்டும் ஏன் நேரா நிக்குது? அது ஒண்டுதானே உண்மை.”

தில்லையம்பலம் இலேசில் நம்புகிறவர் அல்லர். அவளை எழுப்பிவிட்டுக் கதிரையில் தான் இருந்து சோதித்தார். வழக்கம்போல டாப்பைத் தட்டிவிட்டு, ‘இவருக்குக் கொலஸ்ட்ரோல் கிடையாது’ என்று எழுதினார். பந்தி உள்ளே போய் நின்றது. அவருக்கு மயிர் கூச்செறிந்தது. கார் தானாக ஓடுகிற காலத்தில் இது ஏன் முடியாது?

புனிதவதி மறுபடி கதிரையில் இருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“யானையை ஆர் துரத்தினது?”

“நான்... சரி, யானைதான் என்னைத் துரத்தினது.”

அவள் அதை அடித்தாள். கடைசியில் இரண்டு விரல் எங்கோ ஒருக்கால் பட்டது. பந்தி துள்ளி வந்து இடது கரையில் ஒட்டிக்கொண்டது. தில்லையம்பலம் வாயைப் பிளந்தார். பனியில் புதைந்த பஸ்ஸைத் தனியாளாகத் தள்ளியவர், பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தவர் ஆனார். அதுவும் நேராக வந்தது. இன்னும் எது எது வரும் என்று பார்க்கிற ஆசையில் கேளாததையும் சொன்னார்: புட்டுக்குழலை உடைத்து ஒளித்தது, ரெக்ஸ்டேலில் செத்தவீடு என்று சொல்லிவிட்டுக் கார்ட்ஸ் விளையாடப் போனது. எல்லாம் வரிசையாக வந்து கரையில் நின்றன.

“‘மாமனார் காலைப் பிடித்துக் கெஞ்சியதால் மணம் முடித்தார்.’ உது?”

தில்லையம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான்தான் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பினனான்.”

“எங்கடை வீட்டடியிலை வந்த சைக்கிள்?”

“சைக்கிளும் நான்தான். பிரேக் போன மாதிரி உங்கடை ஒழுங்கையையே சுத்தினனான்.”

கலியாணம் பறந்து வந்து சேர்ந்தது. புனிதவதி எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

அடுத்த நாள் அச்சகத்து றூபனிடம் அட்டை விலை கேட்கப் போன இடத்தில், இந்த அதிசயத்தை அவிழ்த்து விட்டார். றூபன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டாப்பைத் தட்டினால் எந்தப் பந்தியும் உள்ளே போகும். கொன்ட்ரோல் விசையையும் கியூ விசையையும் சேர்த்து அமத்தினால் பழையபடி கரைக்கு வரும். “உண்மை பொய் மெசினுக்கு என்ன தெரியும், அங்கிள்?”

பஸ் பிடித்து வீடு வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், யானையைத் திருப்பித் துரத்துவதற்கு லப்டொப்பைத் திறந்தார். கல்வெட்டின் கடைசியில் அவர் எழுதாத ஒரு புதுப் பந்தி, கரையோடு நேராக: ‘இவரை ஏமாற்றுவது பெரிய வேலையில்லை.’

அழிக்கப் போன விரலை நிறுத்தினார். டாப்பைத் தட்டி அதை உள்ளே தள்ளினார். இன்னொரு தட்டு. நடுப் பக்கம் தாண்டிப் போய் நின்றது.

குசினியில் தாளித்துக்கொண்டிருந்த புனிதவதி திரும்பியும் பார்க்கவில்லை.

“தள்ளினாப்போலை அது பொய்யாகாதப்பா.”