கபடிக் கோட்டில் இறங்கிய கருப்பர்

பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருப்பவர் முன்னால் ஒருபோதும் கெட்டிக்காரத்தனம் காட்டக்கூடாது. வெள்ளைச் சட்டை போட்டோமா, கையைக் கட்டி நின்றோமா, கொடுத்த வடையைத் தின்றோமா என்று இருந்துவிட வேண்டும். இந்த ஞானம் எனக்கு வாய்த்தபோது எங்கள் ஊர்க் கோப்பை டிராக்டரில் ஏறி எதிரூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மணமேல்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துவோம். அந்த வருடம் விழாக்குழுச் செயலாளர் நான். (வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாத பதவி.) அப்போதுதான் ஆவுடையார்கோவிலில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். செல்வியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் சம்மதம் என்றுதான் தகவல். அவள் அப்பா, பள்ளிக்கூடத்தில் பி.டி. சார், "பையன் எப்புடின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கட்டும் என்று இறுதி ஆட்டத்துக்கு அவரையே நடுவராக அழைத்துவிட்டேன். மூளை என்றால் அப்படி ஒரு மூளை!

எல்லா ஊரிலும் மைக்செட்டில் பாட்டுப் போடுவார்கள். நான் அசத்த வேண்டாமா? உறுமி மேளம் வரவழைத்தேன். அடி விழ விழ சின்னப் பிள்ளைகளெல்லாம் குதித்தார்கள். பி.டி. சார்கூட விசிலை வாயில் வைத்தபடி லேசாகத் தலையை ஆட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். எங்கள் பையன் எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போனான். நான் மேளக்காரர்களிடம் ஓடினேன்.

"அண்ணே, இன்னும் வேகமா! காது கிழியணும்!"

உறுமிக்காரர் மாரியண்ணன் தயங்கினார். "தம்பி, இதுக்கு மேல போனா அது சாமி அழைக்கிற அடி. கோயில் வாசல்லதான் அடிப்போம். வேணாங்க."

"இங்க எந்தச் சாமியாடி இருக்காரு? சும்மா அடிங்கண்ணே!"

அடித்தார்கள். பெண் வீட்டைப் பற்றி நாய் கடிக்குமா என்பதுவரை விசாரித்த நான், ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. அவர்கள் குலதெய்வம் கருப்பருக்குச் சாமியாடியே பி.டி. சார்தான்.

முதலில் விசில் மேளத்தோடு சேர்ந்து ஊதியது. ஃபவுலா என்று ஆட்டக்காரர்கள் திகைத்து நின்றார்கள். எங்கள் பையன் தொட்டானா இல்லையா என்று பார்க்க வேண்டியவருக்குக் கண் மேலே செருகிவிட்டது. "டேய்ய்ய்!" என்று கோட்டுக்குள் பாய்ந்தார். இரண்டு அணியும் தெறித்து ஓடின.

"எவன்டா என்னைய இங்கிட்டு அழைச்சது?"

ஊரே என்னைக் கை காட்டியது. (காட்டிக்கொடுப்பதில் எங்கள் ஊரை அடிச்சுக்க ஆளில்லை.) தடாலென்று அவர் காலில் விழுந்தேன். கல்யாணம் போச்சு, செல்வி போச்சு என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாமி வந்துவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். அது சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. எதிரூர் கேப்டன் முந்திக்கொண்டான்.

"சாமி, அந்தப் பாயிண்ட் யாருக்கு?"

"ஒனக்குத்தான்டா!"

போச்சு கோப்பை. எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்காமல் இருந்ததே பெரிது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் அம்மா வந்தார். "அய்யா, இந்தா கெடக்கானே எம் மகன், இவனுக்கும் ஆவுடையார்கோவில் புள்ளைக்கும் முடிச்சிரலாமா? உத்தரவு குடுங்கய்யா!"

சாமி குனிந்து என்னைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பி.டி. சாராக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம் என்றிருப்பார். கருப்பர் நல்லவர். கோட்டுக்குப் போட்டிருந்த சுண்ணாம்புப் பொடியை ஒரு பிடி அள்ளி என் நெற்றியில் அப்பினார்.

"தையிலயே முடிங்கடா!"

மேளம் நின்றதும் சாமி மலையேறியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு பி.டி. சார், "மேட்ச் என்னாச்சு?" என்றார். அம்மா வெற்றிலைத் தட்டோடு எதிரே நின்றார்.

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. நாதஸ்வரம் மட்டும்தான், உறுமியை வாசல் பக்கமே விடவில்லை. எங்கள் ஊரில் இன்றும் கோப்பை பேச்சு வந்தால் நான் டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவேன்.

வீட்டில் நான் எதையாவது சொதப்பினால் செல்வி அவள் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பாள். "என்னப்பா, இப்புடி ஒரு ஆளப் புடிச்சுக் குடுத்திருக்கீங்க?"

மாமனார் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்: "நான் எங்க குடுத்தேன், ஆத்தா? கருப்பருல்ல குடுத்தாரு. நான் பையன இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."