சந்தியாகப்பர் பயணத்துக்கு ஒரு போர்வை

"ரெண்டு கிலோ எண்ணூறு," என்றார் லெயாந்த்ரோ, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதை முதுகுல கட்டிக்கிட்டு நீ சந்தியாகோ போய்ச் சேர மாட்டே விசி. கல்லறைக்குத்தான் போய்ச் சேருவே."

சமையலறை மேஜைமேல் தராசு, தராசின்மேல் மடித்த கம்பளி. லெயாந்த்ரோ ஸ்பெயினில் தெருவேல் என்ற ஊரின் தபால் ஆபீசில் பார்சல் எடை போட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற அன்று பழைய தராசு ஒன்றை மாலை போடாத குறையாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எடை போடப்படாமல் தப்பித்தது பூனை ஒன்றுதான், அதுவும் உட்கார மறுத்ததால்.

"கடையில மலிவா இருந்தது இதுதான்," என்றாள் விசி.

விசித்தாசியோன் என்பது அவர் மனைவியின் முழுப் பெயர். போன குளிர்காலத்தில் லெயாந்த்ரோவின் நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்தபோது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று சந்தியாகப்பருக்கு நேர்ந்துகொண்டாள். இந்த மனுஷனைத் திருப்பிக் கொடு, ரொன்செஸ்வயெஸ் மலையிலிருந்து சந்தியாகோவில் இருக்கும் உன் கோயில் வரைக்கும் நடந்தே வருகிறேன் என்று. சந்தியாகப்பர் தன் பங்கை முடித்துவிட்டார். ஈஸ்டர் கழிந்ததும் விசி கிளம்ப வேண்டும். போக ஒரு மாதத்துக்குமேல் ஆகும் என்று பயறுக் குழம்பைச் சமைத்து டப்பா டப்பாவாகக் குளிர்ப்பெட்டியில் உறைய வைத்திருந்தாள். அதைத் திறக்கும்போதெல்லாம் லெயாந்த்ரோ டப்பாக்களை எண்ணிவிட்டுப் பட்டென்று மூடிவிடுவார்.

உள்ளதைச் சொன்னால், அவருக்குப் பயம். வீடு அமைதியாகிவிட்டால் அவருடைய இதயம் அடித்துக்கொள்வது அவர் காதுக்கே கேட்கும். அடுத்த அடி வருமா, வராதா என்று மனது எண்ணிக்கொண்டே இருக்கும். விசி பக்கத்தில் உட்கார்ந்து வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது கேட்பதில்லை. ஆனால் இதைப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? அதற்குப் பதிலாக அவர் கிறிஸ்துமஸிலிருந்து ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"ரயில் விட்டு எத்தனை காலமாச்சு, இன்னும் நடக்கறேங்கறே. ரயில்ல வந்தவங்களைப் பார்த்தா சந்தியாகப்பர் முகத்தைத் திருப்பிக்கவா போறாரு?"

"டாக்டர் உன்னையும்தான் நடக்கச் சொன்னாரு. மெதுவாப் போனா எவ்வளவு தூரம் வேணாலும் போகலாம்னாரு."

"நான்தான் தினமும் நடக்கறேனே."

அவர் நடந்தது மூலையிலிருந்த மதுக்கடை வரைக்கும்.

பாட்டு எடுபடாமல் போனதால்தான் தராசை இறக்கினார். யாத்திரை நடப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முதுகில் ஏறக் கூடாது. விசியோ கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருப்பவள். ஐந்து கிலோ தாண்டினால் ஆபத்து. படுக்கை முடிவாகாதவரை பயணம் முடிவாகாது என்று லெயாந்த்ரோ உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டார்.

"அப்போ மழைக்கோட்டை வெளிய எடுத்துடறேன்," என்றாள் விசி. "கணக்கு சரியாப் போச்சு."

"மழை வந்தா?"

"நனைவேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தியாகோ இருக்கும் கலீசியாப் பக்கம் மழை என்றால் சும்மா மழையா? அன்று சாயந்திரமே கம்பளியைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். அவள் பஞ்சு அடைத்த மெத்தைப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்தாள். அது கம்பளியைவிடக் கனம். இவர் கத்த, அவள் மருந்துப் பையை வெளியே எடுத்து வைத்தாள். அதையும் திருப்பி அனுப்பினார். மூன்றாவதாக வந்தது, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் தூக்கப்பை ஒன்று. பட்டாளத்துச் சாமான், மாவு மூட்டை போல உருண்டு கிடந்தது.

"கடைக்காரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? உன் உருவத்தைப் பார்த்துமா இதைக் குடுத்தா?"

"விலையைப் பார்த்துக் குடுத்தா. பரவாயில்ல, போனை வச்சுட்டுப் போயிடறேன். சார்ஜரு, அது, இதுன்னு அதுவே ஒரு பாரம்."

லெயாந்த்ரோ போனைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு மாதமும் அவர் பிடித்துத் தொங்க நினைத்திருந்த ஒரே கயிறு அந்தப் போன்தான்.

"போன் இல்லாம எப்படி? நான் உன்னை..."

"நீ எதுக்கு எனக்குப் பேசணும்? நான் போனா வீடு நிம்மதியா இருக்கும்னு மதுக்கடையில சொன்னியாமே."

சொல்லியிருந்தார். நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள். இப்போது அந்த நாலு பேரில் ஒருவனும் உதவிக்கு வரவில்லை. விசி அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தராசைத் துடைத்தார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு மாலைப் பூசைக்குக் கிளம்பிப் போனாள்.

கதவு சாத்தியதும் லெயாந்த்ரோ கத்தரிக்கோலை எடுத்தார். தூக்கப்பையின் எடை குறைந்தால் போன் மறுபடி மூட்டைக்குள் போகும். தலைமறைப்பு எதற்கு? வெட்டினார். இரும்பு ஜிப் எதற்கு? பிய்த்தார். குள்ளமான பொம்பளைக்குக் கால்பக்கம் இவ்வளவு நீளம் எதற்கு என்று அடியிலும் ஒரு முழம் கத்தரித்தார். கத்தரித்த இடம் வாயைப் பிளந்துகொண்டு உள்ளேயிருந்த பஞ்சைத் துப்பியது. கூட்டிப் பார்த்தார், பறந்தது. தூசி உறிஞ்சும் மெஷினை வைத்தார். அது தரையிலிருந்ததை உறிஞ்சிவிட்டுப் பைக்குள் இருந்ததையும் நீளமாக இழுத்துக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மிச்சத்தைத் தூக்கித் தராசில் வைத்தார். முந்நூறு கிராம்கூட இல்லை. அரைக் கணம் அவருக்குப் பெருமையாகவே இருந்தது. பிறகுதான், தான் எடை போட்டது ஒரு கந்தல் என்பது உறைத்தது.

பூசை முடிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கந்தலைச் சுருட்டிக்கொண்டு, டாக்டர் பார்த்தால் திட்டும் வேகத்தில், விசி அதை வாங்கிய, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்கு ஓடினார். கல்லாவில் இசார்பெ என்ற இளம்பெண் இருந்தாள். அவர் கந்தலை அவள்முன் போட்டார்.

"இதுக்குப் பதிலா ஒண்ணு குடும்மா. லேசா இருக்கணும். வீட்டுல தெரியக் கூடாது."

அவள் துணியைப் புரட்டிப் பார்த்தாள். "லெயாந்த்ரோ ஐயா நீங்கதானா? இதை நாய் கடிச்சுதா?"

"நான்தான் கடிச்சேன்னு வச்சுக்கோ," என்றார் அவர். மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. "உன் கடையில லேசா ஒண்ணுகூடவா இல்ல? இருக்கறதிலயே கனமானதாப் பொறுக்கிப் பொறுக்கி அவ தலையில கட்டறியே. நீ பண்ற வேலையில அவ மழைக்கோட்டு இல்லாம, மருந்து இல்லாம, போன் இல்லாமப் போறேங்கறா. எனக்கு ஒண்ணுன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு..." கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "அவ இல்லாம அந்த வீட்டுல ஒரு ராத்திரி இருக்க எனக்குப் பயமா இருக்கும்மா. என்னால முடியாது."

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இசார்பெ உள்ளே போய், ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவே சுருட்டியிருந்த இரண்டு நீலத் தூக்கப்பைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருக்கறதிலயே லேசான ரெண்டையும், உங்களுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு, உங்க வீட்டம்மா முதல் நாளே வாங்கி என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க, ஐயா. கனமானதாக் கேட்டுக் கேட்டு உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததெல்லாம், 'நீ தனியாச் சுமக்காதே, நானும் வரேன்'னு நீங்க ஒரு தடவை வாயைத் திறக்க மாட்டீங்களான்னுதான்."