சிங்காரவேலின் கணையம்

சிங்காரவேல் முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக் கலியம்மாள் ஒரு தூக்கில் கஞ்சியோடு வாசலில் நின்றிருந்தாள். எதற்கென்று கேட்டார். தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனியாக இருக்கிறவன் என்ற இரக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக் குடித்தார். மனைவி கஸ்தூரியம்மாள் பெங்களூரில் இருந்தாள். மகள் மலர்விழி அங்கே ஆராய்ச்சி மாணவி. மகள் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சமைத்துப் போடப் போயிருந்தாள்.

மறுநாள் சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினியர் தோளில் கை வைத்தார்.

“கணையம்னா கஷ்டந்தான். மனசை விட்றாதீங்க. லீவு வேணும்னா சொல்லுங்க.”

சிங்காரவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. கணையத்தைப் பற்றி அவர் ஒரே ஒருவரிடம்தான் பேசியிருந்தார். முந்தின வாரம் ஷிப்ட் பஸ்ஸில் நண்பர் சண்முகசுந்தரத்திடம், மனைவி ஊரில் இல்லாததைச் சொல்லிவிட்டு, மகளின் ஆராய்ச்சியைப் பெருமையாக விளக்கியிருந்தார். கணையப் புற்றுநோய்க் கட்டியில் மரபணுவை ஒருவர், புரதத்தை ஒருவர், கொழுப்பை ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்தால் போதாது. எல்லாத் தகவலையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் நோயின் போக்கு பிடிபடும். சுரங்கத்தில் மேல்மண், அடித்தண்ணீர், கரி மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் சரிவு எங்கே வருமென்று சொல்ல முடியுமா, அது மாதிரி. இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும் என்றும் சொன்னார். பஸ் இரைச்சலில் சண்முகசுந்தரத்துக்கு எவ்வளவு கேட்டதோ, இறங்கும்வரை இவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இப்போது விளங்கியது. தனக்குத்தான் கேன்சர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஹோட்டல் சாப்பாட்டில் இளைத்துவேறு போயிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்படித்தான் இருக்கணும்” என்றார் இன்ஜினியர், கலங்கிய குரலில்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், செய்து காட்ட வேண்டும் என்று தீர்மானித்தார். கேன்டீனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போண்டாவாக வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். முகம் வாடித் தெரிகிறது போல என்று தலைக்கு டை அடித்து, பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போட்டார். கலியம்மாள் கஞ்சி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் மைதானத்தில் இறங்கி வாலிபால் ஆடினார். ஒரு பந்தை எகிறி அடித்துவிட்டு அவர் சிரித்தபோது, எதிர் அணி ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

அவருக்கே சந்தேகம் வந்தது. தன் முகத்தில் எதையோ கண்டுவிட்டுத் தன்னிடமே மறைக்கிறார்களோ? வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எங்கே அமுக்கினாலும் வலித்தது. மகளுக்குப் போன் போட்டு, கணையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்தார். இரைப்பைக்குப் பின்னால் என்றவள், ஏன், வலிக்கிறதா என்று கேட்டாள். சும்மா பொது அறிவுக்கு என்றார். இந்தப் புரளி அடங்குகிறவரை மனைவி காதில் விழக் கூடாது என்று, அவளை நிதானமாகவே வரச் சொன்னார்.

கடைசியில் சண்முகசுந்தரம் வீட்டுக்கே போய் நின்றார்.

“எனக்கு ஒரு கவலையும் கெடையாது, சண்முகம். இனிமேதான் வாழ்க்கையே ஆரம்பிக்குது.”

சண்முகசுந்தரம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பூப்போட்ட சட்டையைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். இத்தனை வருஷம் இவனோடா பழகினோம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் சிங்காரவேலுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தரகர் கண்ணையன் ஒரு போட்டோவோடு வந்தபோதுதான் உயிர் வந்தது. சாகப்போகிறவன் வீட்டுக்குத் தரகர் வருவாரா? உட்காரவைத்துத் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார்.

மலர் படிப்பை முடிக்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை என்றார்.

கண்ணையன் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மகளுக்கு இல்லீங்க, உங்களுக்குத்தான், ஆனா பெங்களூர்ல கெடக்குற உங்க வூட்டம்மா காரியம் முடியற வரைக்கும் தலைக்கு டை மட்டும் அடிக்காதீங்க, ஊரே பேசிக்கினு இருக்குது.”