கடைசி ஆளுக்காகக் காத்திருப்பவர்

நடைக்குழு எங்கே கூடினாலும் அங்கே ஒரு முன்னோடி முளைத்துவிடுவார். அடையாளம் காண்பது சுலபம்: முழங்கால்வரை காலுறை, கழுத்தில் தொங்கும் வரைபடம், மலையையே தான்தான் தூக்கி நிறுத்தியதுபோல ஒரு முகம். நல்லவர்தான். பின்னால் வருகிறவரை விட்டுவிட்டுப் போகவே மாட்டார். வினையே அதுதான்.

அன்று காலை இங்கிலாந்தின் யார்க்‌ஷரில், கூரை போன பழைய துறவி மடத்தின் வளைவுக்கடியில் நின்று நைஜல் அறிவித்தார்: “கடைசி ஆள் வராம நான் நகர மாட்டேன். அது என் கொள்கை!”

குழுவில் வந்த டோரீனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அறுவை செய்து மாற்றிய முழங்காலுக்கு இதுதான் முதல் மலை. “உனக்கு சோபாவே போதும்மா” என்ற மகளிடம், உச்சியைத் தொட்டேன் என்று சொல்லியாக வேண்டும்.

முதல் வேலிக் கதவில் நைஜல் காத்திருந்தார். தேநீர் குடித்தார், பன்றிக்கறி பஃப்ஸ் ஒன்றைத் தின்றார், மேகங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினார். டோரீன் மூச்சிரைக்க வந்து கதவைத் தொட்டார்.

“வந்தாச்சா? அருமை! கிளம்பலாம்!”

இரண்டாம் கதவிலும் இதே கதை. ஓடைக்கரையிலும் இதே. களைக்காதவர்களுக்கு ஓய்வு, களைத்தவருக்குப் பாராட்டு. யாராவது வாய் திறந்தார்களா? அந்த ஊரில் உயிரே போனாலும் “அழகான நடை” என்றுதான் சொல்வார்கள்.

“முடியுதா, தாயே?” என்றார் கூட நடந்த பேஸில்.

“எனக்கென்ன! பையில இருக்கிற முட்டை சாண்ட்விச்தான் குஞ்சு பொரிக்கப் போகுது.”

ஊதாப் பூ பூத்த ஹெதர்ப் புதர்களுக்கு மேலே உச்சிக் கற்குவியல் தெரிந்தது. பக்கத்தில், தொப்பியைப் பிடித்தபடி நைஜல். தொட்டால் என்ன நடக்கும் என்று டோரீனுக்குத் தெரியும். கொஞ்சம் இப்பாலேயே சாவகாசமாக உட்கார்ந்தார்.

“இதோ, பத்தடிதான்! வாங்க!”

“வர்றேன், வர்றேன். நீங்க பதறாதீங்க.”

தூறல் பிடித்தது. கொள்கை நைஜலைக் கற்குவியலோடு கட்டிப்போட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்து டோரீனருகே புதர்மறைவில் உட்கார்ந்தார்கள். ஊறுகாய் கைமாறியது.

“எவ்வளவு நேரம்தான் நிக்கிறது, டோரீன்?”

“கடைசி ஆள் இன்னும் வரலையே, நைஜல்!”

கால் கடுத்து, நைஜல் ஒருவழியாகக் கல்லில் உட்கார்ந்து தேநீர்க் குடுவையைத் திறந்தார். அந்த நொடியில் டோரீன் எழுந்தார், நடந்தார், உச்சிக்கல்லைத் தொட்டார்.

“வந்தாச்சு! கிளம்பலாமா?”

நீங்கள் நைஜல் அல்ல, தெரியும். பின்னால் வந்தவருக்காக எப்போதும் நின்றிருக்கிறீர்கள். சரி, அவர் வந்து சேர்ந்ததும் என்ன செய்தீர்கள்?