அரசு வக்கீல் அம்மாவை மாற்றக் கோரி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஸ்கூட்டரைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஸ்கூட்டர் திருட்டு வழக்கை அரசு வக்கீலே நடத்துவார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிராளியை எப்படி மடக்குவது என்று ஏழு பக்கம் எழுதிக்கொண்டு அந்த அம்மாவின் அறைக்குப் போனேன். "நான் உங்க வக்கீல் இல்லீங்க, அரசோட வக்கீல். நீங்க முதல் சாட்சி, அவ்வளவுதான்" என்கிறார். "ஏம்மா, திருட்டுப்போனது அரசோட ஸ்கூட்டரா?" என்று கேட்டேன். "அது இருக்கட்டும், திருடினவர் மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றார். முதுகைப் பார்த்தேன் அண்ணா! தெருமுனை பெயின்டர் முதுகு எனக்குத் தெரியாதா? பத்து வருஷமாக அவர் என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டும், நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டும்தானே இருந்திருக்கிறோம்?

நான் சொன்னதை நம்பித்தான் அவரை இருபது நாளாக உள்ளே வைத்திருந்தார்கள். அவர் மனைவி கோர்ட் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்கூட்டர் போனது எனக்கல்லவா? நேற்று இந்த அம்மா எழுந்து, திருட்டு நடந்த அன்று பெயின்டர் ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தார் என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் தானே வரவழைத்து நீட்டிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலே வாயைப் பிளந்தார். நீதிபதி ஆளை விட்டுவிட்டார். வெளியே வந்து, "என்னம்மா, நம்ம கோலுக்குள்ளயே பந்தைப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். "தண்டனை வாங்கித் தர்றது மட்டும் என் வேலை இல்லீங்க. தப்பான ஆளு உள்ள போகாம பாத்துக்கறதும் என் வேலைதான். வயித்துல தையலோட படுத்திருந்தவர் ஸ்கூட்டரை எப்படி உதைச்சுக் கிளப்புவாரு?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வழக்கின் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் சட்டத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். யாரிடமாவது சொல்லி அவரைக் கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுங்கள். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நியாயம் கிடைக்காத தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடப் போன இடத்தில் என் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டேன்! சாவி கச்சிதமாகப் பொருந்தியது. நம்பர் வேறாக இருந்தது, திருடன் மாற்றியிருப்பான் என்று ஓட்டி வந்துவிட்டேன். சாயங்காலம் போலீஸ் வந்தது. அது போஸ்ட்மாஸ்டருடையதாம். இப்போது வழக்கில் நான்தான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். வழக்கு அதே அம்மாவிடம்தான் போகிறதாம். அண்ணா, உங்கள் காலில் விழுகிறேன், அவரை மட்டும் எங்கேயும் மாற்றிவிடாதீர்கள்.