செவ்வந்தி அலங்கு விளையாட்டு தேர்ந்தெடுத்த கதை

ஒரு காட்டில், மலை உச்சியில் செல்போன் கோபுரம் வந்து அதில் கழுகும் குடியேறிவிட்ட காலத்தில், செவ்வந்தி என்றொரு அலங்கு வாழ்ந்து வந்தது. அலங்கு என்றால் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் அடுக்கடுக்காகச் செதில். ஆபத்து வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். மற்ற அலங்குகள் சிறுத்தையைக் கண்டால் சுருளும். செவ்வந்தியோ, யாராவது “உனக்கு எது வேணும்?” என்று கேட்டாலே சுருண்டுவிடும்.

அந்த வம்சத்தில் கல்லூரிக்குப் போன முதல் அலங்கு அது. பட்டம் வாங்கியதும் காட்டில் அதற்கு மரியாதை கூடியது, கூடவே பயமும் கூடியது. படிக்காதவர் தப்பாக முடிவெடுத்தால் பாவம் என்பார்கள். படித்தவர் எடுத்தால் சிரிப்பார்கள் அல்லவா?

செவ்வந்தியின் வளைக்கு மேலே ஒரு நாவல் மரம். அதில் அமுதவல்லி என்ற மலையணில் குடியிருந்தது. சாயங்காலமானால் அணில் மேலேயிருந்து பேசும், அலங்கு கீழேயிருந்து பேசும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இரண்டுக்குமே சொல்லத் தெரியாது. பொழுது மட்டும் போயிருக்கும்.

ஒருநாள் அமுதவல்லிக்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் வேலை கிடைத்து, அது அங்கே போய்விட்டது. முதலில் தினமும் போன் வந்தது. பிறகு “அப்புறம்?” என்று இது கேட்க, “நீதான் சொல்லணும்” என்று அது சொல்ல, பேச்சு நொண்டத் தொடங்கியது. அடுத்து வெறும் குறுஞ்செய்தி. “சாப்பிட்டியா?” “ஆச்சு. நீ?” “ம்.” கடைசியில் ஒரு காலைப்பொழுதில், ரோஜாப்பூ படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒன்று வந்தது.

செவ்வந்தி அந்தப் பூவையே பார்த்தது. பூப்படம் வர ஆரம்பித்துவிட்டால் சிநேகம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அதற்குத் தெரியும். கல்லூரித் தோழிகள் அத்தனை பேரும் அந்தப் பூ வழியாகத்தான் வெளியேறினார்கள்.

நல்லவேளை, அந்த வாரமே அமுதவல்லி போன் செய்தது.

“ஏய், எனக்கு ஒரு யோசனை. ஆன்லைன்ல ஆடறாங்களே, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, ஆயிரம் பேரு ஒரே நேரத்துல ஒரு நாட்டுக்குள்ள சுத்துவாங்களே, அந்த மாதிரி ஒண்ணுல நாம ரெண்டு பேரும் சேந்துடலாமா? தினம் சாயங்காலம் உள்ளேயே பாத்துக்கலாம்.”

செவ்வந்திக்கு உயிர் வந்தது. “சேரலாம்டி! எதுல சேர்றது?”

“எனக்கு என்ன தெரியும்? நீதான் படிச்சவ. ஏதாவது ஒண்ணு நீயே பாத்துச் சொல்லு.”

ஏதாவது ஒண்ணு. செவ்வந்தி சுருண்டுகொண்டது.

சுருண்டபடியே யோசித்தது. தப்பான விளையாட்டைச் சொல்லிவிட்டால் அமுதவல்லிக்குச் சலித்துவிடும். சலித்துவிட்டால் வருவதை நிறுத்திவிடும். அதன் பிறகு கூப்பிட இன்னொரு காரணம் கிடைக்காது. ஆகவே இது விளையாட்டு விஷயம் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரியோ, வேலையோ, மாப்பிள்ளையோ, எதைத் தேர்ந்தெடுப்பதானாலும் ஏற்கெனவே அதில் போய் மாட்டிக்கொண்டவரைத்தான் விசாரிப்பார்கள். மாட்டிக்கொண்டவர் துணைக்கு இன்னொருவரையும் இழுத்துப் போடாமல் விடமாட்டார். செவ்வந்தியும் வழக்கப்படியே கிளம்பியது.

முதலில் பெருமாள்சாமி என்ற கிழ யானையைப் போய்ப் பார்த்தது.

“ஆதிவனத்துல சேரும்மா,” என்றது யானை. “இருக்கறதுலயே பழைய விளையாட்டு. நான் அது ஆரம்பிச்ச காலத்துலேருந்து இருக்கேன்.”

“நல்லா இருக்குங்களா ஐயா?”

“முதல் ஆறு மாசம் நல்லா இருக்காது.”

“அதுக்கப்புறம்?”

“பழகிடும்.”

செவ்வந்தி தயங்கித் தயங்கிக் கேட்டது. “உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா ஐயா?”

யானை காதை ஆட்டிக்கொண்டது. “இத்தனை வருஷம் இருந்துட்டேன். இனிமே போய்ப் பிடிக்கலேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

அன்று சாயங்காலம் செவ்வந்தி இதை அமுதவல்லிக்குப் போனில் சொன்னது. அமுதவல்லி விழுந்து விழுந்து சிரித்தது. “எங்க ஆபீஸ்ல கூட ஒரு பெரியவரு இப்படித்தான்டி,” என்று அந்தப் பெரியவர் கதையைச் சொன்னது. அதிலிருந்து அங்கே விடுதிச் சாப்பாடு, அதிலிருந்து இங்கே நாவல் பழம் என்று பேச்சு எங்கெங்கோ போனது.

மறுநாள் செவ்வந்தி மயிலிடம் போனது. மயிலின் பெயர் தோகைராசன். அது ரத்தினபுரி என்ற விளையாட்டில் இருந்தது.

“ரத்தினபுரிதான்மா. கண்ணை மூடிக்கிட்டுச் சேரு. சேர்றதுக்குக் காசே கிடையாது, உடைக்கு மட்டும்தான்.”

“உள்ள போய் என்ன அண்ணே செய்யணும்?”

“நிக்கணும்.”

“நின்னு?”

“அப்பப்போ திரும்பணும். பின்பக்கமும் தெரியணும்ல?”

“எதிரிங்க வந்தா?”

“அவங்களும் பக்கத்துல வந்து நிப்பாங்க. வந்து நின்னு, எங்க வாங்கினதுன்னு கேப்பாங்க.”

இதையும் சாயங்காலம் சொன்னது. அமுதவல்லி கிளையில் எழுந்து நின்று மயில் மாதிரியே திரும்பிக் காட்ட முயன்று, போனைக் கீழே போட்டுவிட்டது. எடுத்து மறுபடி கூப்பிட்டது.

அடுத்த நாள் செவ்வந்தி போகவே வேண்டியிருக்கவில்லை. கரையான்களே வந்தன. ஒரு புற்று முழுக்க வந்து, பாதுகாப்பான தூரத்தில் வரிசையாக நின்றன.

“அக்கா, நீங்க விளையாட்டு தேடறதா கேள்விப்பட்டோம்,” என்றது தலைமைக் கரையான். “புற்றுப்போர்ங்கற ஆட்டத்துல எங்க குழுவுக்கு ஒரு ஆள் வேணும். முன்னால நின்னு அடி வாங்கற வேலை. இந்தச் செதிலைப் பாத்ததும் நீங்கதான்னு முடிவு பண்ணிட்டோம்.”

செவ்வந்தி நேர்மையான ஜீவன். “ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்களைத்தான் சாப்பிடறேன்.”

“தெரியும்க்கா. எங்க பெரியம்மாவே உங்ககிட்டதான் போனாங்க. அது வெளிய. உள்ள போயிட்டா எல்லாரும் சமம்.”

“சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டீங்கன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்குமே.”

“எங்களுக்கும் இருக்கும்தான். அதனால நீங்க சாப்பிட்டு முடிச்சதும் ஆரம்பிக்கலாம். மீதி இருக்கறவங்க வருவோம்.”

இந்தக் கதையைக் கேட்ட அன்று, சிரித்துச் சிரித்து அமுதவல்லிக்கு விக்கல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசியது. போன் சூடாகிக் கன்னத்தைச் சுட்டது. செவ்வந்தி இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டது.

செவ்வந்தியின் அப்பா வெள்ளியப்பன் இதையெல்லாம் வளைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அலங்கானாலும் அப்பா அல்லவா, அவர் இவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார்.

“அதுல என்னென்ன குரூப் இருக்கு?”

“குரூப் இல்லப்பா, வேஷம். போர்வீரர், மந்திரவாதி, வைத்தியர்.”

“வைத்தியர் எடு. நம்ம வம்சத்துல ஒரு டாக்டர் கூட இல்ல.”

“அது விளையாட்டுப்பா.”

“இருக்கட்டும். சீட்டு கிடைக்குமா?”

“யார் கேட்டாலும் கிடைக்கும்.”

அப்பாவின் முகம் வாடிவிட்டது. “யார் கேட்டாலும் கிடைக்குதுன்னா அப்புறம் அதுல என்ன மதிப்பு?” கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கேட்டார். “அந்தப் பழைய விளையாட்டு இருக்கே, யானை ஐயா சொன்னது, அது திடீர்னு மூடிட மாட்டாங்கதானே? பர்மனென்ட்தானே?”

இப்படியே விசாரணை நீண்டுகொண்டு போனது. கடைசியில் அமுதவல்லி பொறுமையிழந்தது.

“இங்க பாருடி. எங்க ஆபீஸ் மந்திங்க எல்லாம் கும்பலா ஒரு ஆட்டம் ஆடுதுங்க. தினம் வா வான்னு உசிரை வாங்குதுங்க. இந்த வாரத்துக்குள்ள நீ சொல்லலேன்னா நான் அதுங்களோட சேந்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே.”

செவ்வந்தி சுருண்டது. ஒரு பகல் முழுக்கச் சுருண்டே கிடந்தது. பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தானே நீண்டு நிமிர்ந்து, ஒரு முடிவு எடுத்தது. ஆதிவனம். தனக்கு வைத்தியர், அமுதவல்லிக்கு வில்லாளி.

வழக்கமான கதையாக இருந்தால் அது தப்பான விளையாட்டாக அமைந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. அருமையான விளையாட்டாக அமைந்துவிட்டது. அதில்தான் சங்கடமே.

உள்ளே போன முதல் சாயங்காலம் இரண்டும் ஒரு மலையடிவாரத்தில் சந்தித்தன. காட்டுப்பன்றிகளை வேட்டையாடி வரும்படி ஒரு கிராமத்துத் தலைவர் கேட்டுக்கொண்டார்.

“ஏய், அந்தப் பன்றியைப் பாரேன். நம்ம சேத்துக்குட்டை மருதன் மாமா சாயல்லயே இல்ல?” என்றது செவ்வந்தி.

“பேசாதே, ஓடிடும்,” என்று அமுதவல்லி அம்பு விட்டது.

பன்றி விழுந்தது. லெவல் ஏறியது. அமுதவல்லிக்கு ஒரே குஷி. “நல்ல ஆட்டமாத்தான்டி பிடிச்சிருக்க! படிச்சவ படிச்சவதான்,” என்றது. அதுதான் அமுதவல்லி அங்கே பேசியதிலேயே நீளமான வாக்கியம். பிறகு வந்ததெல்லாம் “இடது பக்கம்”, “மருந்து போடு”, “சீக்கிரம்”, “ஐயோ செத்தேன்”. முன்பு பேச விஷயம் இல்லாமல் பேசாமல் இருந்தன. இப்போது பேச நேரமில்லாமல் பேசாமல் இருந்தன. தினம் பார்த்துக்கொள்கிறோமே என்று போன் செய்வதும் நின்றுவிட்டது.

செவ்வந்தி கெட்டிக்கார வைத்தியர் என்று பெயர் வாங்கியது. அமுதவல்லிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த நொடியே பச்சை வெளிச்சம் அடித்துக் குணப்படுத்திவிடும். வெள்ளியப்பன் அக்கம்பக்கத்தில் “பொண்ணு டாக்டரா இருக்கா” என்று சொல்லிக்கொண்டார். எங்கே என்று யாரும் கேட்காதவரை அவரும் சொல்லவில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் அமுதவல்லியின் அம்மா நாவல் பழம் பறிக்க வந்தது.

“ஏம்மா செவ்வந்தி, அமுதாவுக்கு இப்போ கால் தேவலையாமா? மரத்திலேருந்து விழுந்து சுளுக்கி, வாரக்கணக்கா நொண்டிக்கிட்டு இருந்துச்சே.”

“விழுந்துச்சா? எப்போ?” என்றது செவ்வந்தி.

“உனக்குத் தெரியாதா? தினம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கீங்க?”

அன்று சாயங்காலம் செவ்வந்தி விளையாட்டுக்குள் போகவில்லை. போனை எடுத்தது.

“என்னடி, வரலையா? நான் குகை வாசல்ல நிக்கறேன்,” என்றது அமுதவல்லி.

“நான் தப்பா தேர்ந்தெடுத்துட்டேன்டி.”

“என்ன தப்பு? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. அதான் தப்பு. வேற பாக்கலாம்.”

“வேற எது?”

“தெரியல. விசாரிக்கணும்.”

செவ்வந்தி பாதி சுருண்டுவிட்டது.

“யாரை விசாரிப்ப?” என்று கேட்டது அமுதவல்லி.

“நீர்நாய் ஏதோ படகு ஆட்டம் ஆடுதாம்.”

“யாரு, ஆத்துல மீனைத் திருடிட்டு நான் இல்லேங்குமே, அந்த நீர்நாயா? அது பேச்சை நம்பி நாம படகுல ஏறணுமா?” என்று சிரித்தது அமுதவல்லி. குகை வாசலில் அதன் வில்லாளி தனியாக நின்று, யாரோ வெட்ட, விழுந்தது. அதை அது கவனிக்கவில்லை.

“ஏய், கால் எப்படிடி இருக்கு?”

“எந்தக் கால்? ஓ, அதுவா! உனக்கு யாரு சொன்னா? அது பெரிய கதை, கேளு. அன்னிக்கு மழை பேஞ்சிருந்துதா...”

அது பெரிய கதையாகத்தான் இருந்தது. செவ்வந்தி இரண்டு காதும் சுடச் சுடக் கேட்டது.

அதற்குப் பிறகு செவ்வந்தி நீர்நாயை விசாரித்தது. கரடியை விசாரித்தது. ஆந்தையையும் விசாரித்து, ஒவ்வொன்றையும் சாயங்காலம் ஒப்பித்தது. கரடி ஆடும் ஆட்டத்தில் ஆறு மாதம் தூங்கினாலும் சம்பளம் வருமாம். இதை வைத்து மட்டும் இரண்டு சாயங்காலம் ஓடியது. படித்த பெண்ணுக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லையே என்று காட்டில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். யானை கூட ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டது. “எதும்மா முடிவாச்சு?”

“விசாரிச்சிட்டு இருக்கோம் ஐயா,” என்றது செவ்வந்தி. சொல்லும்போது அது சுருளவில்லை.

அன்றைக்கே அமுதவல்லியும் கேட்டுவிட்டது.

“ஏய், உண்மையைச் சொல்லு. நீ எதையுமே தேர்ந்தெடுக்கப் போறதில்லதானே?”

செவ்வந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது. “இல்ல,” என்றது.

“சரி விடு. இன்னிக்கு இருவாட்சிப் பறவையைப் பாக்கப் போனியே, அது என்ன சொல்லுச்சு? முதல்லேருந்து சொல்லு.”

நீதி: தீர ஆராய்ந்து முடிவெடுப்பவருக்கு நல்ல விளையாட்டு கிடைக்கும்; ஆராய்ந்துகொண்டே இருப்பவருக்குத் தினமும் போன் வரும். ஆகவே குழந்தைகளே, முடிவை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜரை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.