மாமி வீட்டுத் தொலைக்காட்சியில் என் ஹெலிகொப்டர்

பேரன்புள்ள சிவகலா மாமிக்கு,

ஆராவிலிருந்து உங்கள் தம்பி மகள் யாதவி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். ஊஸ்டரில் நீங்களும் மாமாவும் மிதுஷாவும் நலமென்றும், உங்கள் தொலைக்காட்சி எல்லோரையும் விட நலமாக ஓடுகிறதென்றும் அறிந்தேன். போனில் கதைக்க எனக்கு வாய் வராது, ஆகவே கடிதம். மாமி, தயவுசெய்து அந்தத் தொலைக்காட்சியில் ஓடும் என் பூப்புனித நீராட்டு விழாப் படங்களை அழித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். அம்மாவின் போனில் இடம் முடிந்துவிட்டது. எல்லோரையும் போல இணையத்தில் ஏதாவது கம்பனியிடம் படங்களைக் கொடுத்து வைக்கலாம் என்றேன். அப்பா துள்ளி எழுந்தார். "என்ன கதை கதைக்கிறாய்? எங்கட பொம்பிளைப் பிள்ளையின்ர படத்தை முன்பின் தெரியாதவன் வச்சுப் பாக்கிறதோ? படம் சேமிக்க வீட்டுக்குள்ளயே ஒரு கொம்பியூட்டர் பெட்டி வாங்கி வைப்பம்." நான் பள்ளியை இடையில் விட்டு வீட்டில் இருப்பவள் என்பதால் பெட்டியைக் கட்டி மேய்க்கும் வேலை எனக்கு; எந்த மென்பொருள் என்று தீர்மானிக்கும் வேலை, கடவுச்சொல்லைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு. ஆல்பம் ஆல்பமாக அடுக்கும் எளிமையான ஒன்றை நான் சொன்னேன். பிரிண்டருக்கு மை மாற்றத் தெரிந்ததால் சுவிஸில் எங்கள் வட்டாரத்துக்கே எஞ்சினியராகிவிட்ட அப்பாவின் நண்பர் யோகராஜா அங்கிள், முகம் பார்த்து ஆட்களைப் பிரிக்கும் ஒன்றைச் சொன்னார். அங்கிளே வென்றார். அதுவும் இரவு பகலாக முகம் பார்த்தது. பார்த்துவிட்டு என் சாமத்திய வீட்டுச் சடங்குப் படங்களையும் மிதுஷாவின் சாமத்திய வீட்டுப் படங்களையும் ஒரே ஆளுடையவை என்றது. அதைக் குறை சொல்ல முடியாது. இருவருக்கும் ஒரே மேக்கப் அக்கா அதே மாவை அதே தடிப்பில் பூசியவர். மேக்கப் இல்லாத என் முகத்தைத் தனியாக ஒதுக்கி, இது யார் என்று கேட்டது. நான் திருத்தப் போனேன். "விடு பிள்ளை, ஒரே ரத்தம், அதுதான் அப்பிடிக் காட்டுது. மெசினுக்குத் தெரியாததோ?" என்று அப்பா தடுத்துவிட்டார்.

பிறகு அங்கிள், "வீடு எரிஞ்சால் என்ன செய்வியள், அண்ணை? இன்னொரு பிரதி வேற வீட்டில இருக்கவேணும்," என்றார். அப்படித்தான் படங்களைப் பிரதி எடுத்த அந்த டிஸ்க் உங்களிடம் வந்தது. அலமாரிக்குள் வைக்கத் தந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் செருகினீர்கள். முன்பின் தெரியாத ஒருவன் பார்த்துவிடுவானே என்று அப்பா பயந்த படங்களை, தேத்தண்ணி குடிக்க வரும் எல்லோரும் இப்போது வடையோடு பார்க்கிறார்கள். போன ஞாயிறு திரிம்பாக் கோயிலில் சோற்றுக்கு நின்றபோது யாரோ ஓர் அன்ரி என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "நீர்தானே சாமத்திய வீட்டு மண்டபத்தில காட்போட் மட்டை ஹெலிகொப்டரில வந்து இறங்கின பிள்ளை? கதவு திறபடேல்லை எண்டு அழுதனீர் என்ன?" என்றார், வரிசை முழுவதற்கும் கேட்க. நான் தட்டை வைத்துவிட்டுச் செருப்பு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏன் ஒருத்தரோடும் கதைக்கிறாய் இல்லை என்று அம்மா ஏசுகிறார். எதைக் கதைப்பது? எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்களே.

ஆகவே அழித்துவிடுங்கள் மாமி. மூலப் படங்கள் இங்கே பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றும் குறையாது. உங்கள் வீட்டில் எல்லாச் செல்வமும் பெருகவும், மின்சாரம் மட்டும் இடைக்கிடை நிற்கவும் அம்மனை வேண்டிக்கொள்ளும்,

அன்பு மருமகள்
யாதவி

பி.கு.: முத்திரை ஒட்டுவதற்குள் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. "இந்த வீட்டில கொஞ்சமாவது படிச்சது இதுதான்," என்று அம்மா பெட்டியைச் சாமித் தட்டில் ஏற்றி, காற்றுப் போகும் துளைகளிலெல்லாம் சந்தனம் அப்பி, பட்டுத் துணியால் போர்த்திவிட்டார். பெட்டி கொதித்தது. "தொட்டுப் பாருங்கோ, அம்மாள் இறங்கியிருக்கிறா," என்று கும்பிட்டார். பூசை முடிய அம்மாளோடு படங்களும் போய்விட்டன. போனில் இருந்தவற்றை இடம் வேண்டுமென்று முன்பே அழித்தாயிற்று. எங்களுக்கு மிஞ்சியிருப்பது உங்கள் தொலைக்காட்சியில் ஓடுவது மட்டும்தான். அழிக்க வேண்டாம் மாமி. ஓடட்டும், நாள் முழுக்க ஓடட்டும். ஹெலிகொப்டருக்குள் அழுகிற பிள்ளை யாரென்று விருந்தாளிகள் கேட்டால் மட்டும், உங்கள் மிதுஷா என்று சொல்லிவிடுங்கள். மெசின் அப்படித்தான் சொன்னது. அப்பாவும் ஒப்புக்கொண்டுவிட்டார்.